பச்சைக் குடைப் பெஞ்சு

நாத்தனார் வந்து இறங்கினால் வீட்டில் உள்ள பாத்திரங்கள்கூடக் கொஞ்சம் உரக்கப் பேசும். வந்த இரண்டாம் நாள் காலையிலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பதினாலு வருஷமா இந்த ஊர்ல குடியிருக்கே. உன் புருஷன் ஊருக்கு வர்றவன் போறவனையெல்லாம் பஸ்ல ஏத்தி வெச்சு ஊரைக் காட்டறான். நீ ஒரு தடவைகூட அந்த பஸ்ல ஏறினதில்லைன்னா கேக்கறவன் சிரிப்பான்டி."

"கம்பெனி சட்டம் அண்ணி. குடும்பத்தை ஏத்தினா வேலை போயிடுமாம்."

"அவன் ஏத்தினாத்தானே போகும்? நாமளே டிக்கெட் வாங்கி ஏறினா?"

பொதுவாகவே தம்பி மனைவியிடம் பதில் குறைவு. பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் கடையில் காஜா எடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பித்தான் ஓட்டைகளுக்கு நூல் கட்டுகிறவள், மிஷின் சத்தத்துக்கு மேல் பேசவேண்டிய வேலை இல்லாததால், பேச்சைச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருந்தாள். அன்று மிஷின் பழுது. கடைக்கு விடுமுறை. தப்பிக்க வழியில்லை.

வீட்டில் புருஷனும் அப்படித்தான். வேலையிலிருந்து வந்தால் "சாப்பாடு", "தண்ணி", "விளக்கை அணை". மூன்று சொல்லுக்கு மேல் நான்காவது வந்தால் அன்றைக்கு ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்டால், நாளெல்லாம் பேசித் தொண்டை தேய்ந்துவிட்டது என்பான். நாத்தனார் அவனை 'ஊமைக்கோட்டான்' என்பாள். அவன் மனைவி அப்படி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு முள் இருந்தது. பதினோரு வருஷத்து முள். வயிற்றில் கரு கலைந்து, ரத்தம் நிற்காமல், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவள் இழுபறியாகக் கிடந்தபோது அவன் எட்டிப் பார்க்கவில்லை. டூட்டி என்றார்கள். நான்காம் நாள் வந்து கால்மாட்டில் நின்றான். "வலிக்குதா" என்றுகூடக் கேட்கவில்லை. நான் இவருக்கு யார் என்ற கேள்வி அன்று முளைத்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றவும் இல்லை, பிடுங்கிப் போடவும் இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் சில்லறையைத் தள்ளியபோது அவள் குரலை வெளியே எடுத்துக் கேட்டாள்.

"கைடு வீட்டு ஆளுங்க ஏறக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களா?"

"அப்படி யாரு சொன்னது? வருஷத்துக்கு நாலு இலவச டிக்கெட் குடுக்கறோம். அவங்கவங்க மாமியார் வரைக்கும் வந்துட்டுப் போறாங்க."

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் டிக்கெட்டைப் பார்த்தாள்.

"பொய் சொல்றவன் ஏதோ மறைக்கறான்," என்றாள் நாத்தனார், மாடிப்படியின் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி. "எவளையோ முன்சீட்டுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுத் திரியறானோ என்னவோ."

"அண்ணி."

"சும்மா சொன்னேன்டி. அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது."

மாடி பஸ். மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. கைடு கீழே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசுவான். மேலே இருப்பவர்களுக்குக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி. அவன் கடைசி நிமிஷத்தில் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து முன்வாசலில் ஏறினான். மேலே யார் இருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் உச்சந்தலையில் முடி கொட்டியிருப்பதை அவள் முதல்முறையாக மேலிருந்து பார்த்தாள்.

பஸ் கிளம்பியது. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது.

"வணக்கம், வணக்கம், வணக்கம்! மேல இருக்கறவங்களுக்குக் காத்து, கீழ இருக்கறவங்களுக்கு நான். யாருக்கு நஷ்டம்னு இறங்கறப்ப சொல்லுங்க!"

மேல்தளம் சிரித்தது. அவள் திடுக்கிட்டுக் கம்பத்தைப் பார்த்தாள். குரல் அவனுடையதுதான். ஆனால் அவனுடையது இல்லை. வீட்டில் கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல், இங்கே சந்தைக்கு வந்த குரல்.

மணிக்கூண்டு வந்தது. "இந்தக் கடிகாரம் ஏழு நிமிஷம் லேட்டு. கட்டின நாள்லேர்ந்து லேட்டு. இந்த ஊர்ல யாரும் வேலைக்கு லேட்டா வர்றதில்லை. எல்லாரும் இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வர்றாங்க." பழைய நீதிமன்றம் வந்தது. படிக்கட்டில் வழுக்கி விழுந்த நீதிபதி, விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு தீர்ப்பு சொன்ன கதை வந்தது. அருங்காட்சியகத்தில் தலை இல்லாத சிலை; தலை எங்கே போயிற்று என்பதற்கு அவனிடம் மூன்று கதை இருந்தது, மூன்றுக்கும் மூன்று குரல். ஒரு கிழவர் குரல், ஒரு பொம்பளைக் குரல், ஒரு திருடன் குரல்.

"இது என் தம்பிதானா?" என்றாள் நாத்தனார், வாயைப் பிளந்து. "இவனுக்கு நாக்கு எப்ப முளைச்சுது?"

அவள் எதையும் பார்க்கவில்லை. கட்டடங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேச்சும் வீட்டுக்கு வராமல் வழியிலேயே செலவாகிவிடுகிறது.

பின்சீட்டில் இருந்த பருத்த அம்மாள் குனிந்து, நாத்தனார் விசிறியாக்கிக்கொண்டிருந்த வழித்தாளைத் தட்டினாள். "இதெல்லாம் சும்மா. ஆறாவதுதான் விஷயமே. நான் மூணாவது தடவை வர்றேன். கைக்குட்டை இருந்தா இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க."

வழித்தாளில் ஒன்பது இடங்கள் இருந்தன. ஆறாவதாக 'பச்சைக் குடைப் பெஞ்சு' என்று போட்டிருந்தது.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது. வேகம் குறைந்தது.

"இதுவரைக்கும் ஊர்க்கதை சொன்னேன்," என்றான். குரல் இறங்கியிருந்தது. "இப்ப என் கதை. என் சம்சாரத்தைப் பத்தி. அவ இப்ப இல்லை. போய்ப் பதினோரு வருஷமாச்சு."

நாத்தனாரின் விசிறி நின்றது.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முன்னால் ஒருத்தி இருந்திருக்கிறாள் போல என்று மட்டும் நினைத்தாள். பிறகு கணக்கு உதைத்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். செத்தது பதினோரு வருஷத்துக்கு முன். அப்படியானால் நான் இருக்கும்போதே இன்னொருத்தியா?

"அவகிட்ட ஒரு பச்சைக் குடை உண்டு. கம்பி ஒன்னு உடைஞ்சு, அவளே தைச்சது. மழையே இல்லாத நாள்லயும் எடுத்துட்டு வருவா. ஏன்னு கேட்டா, குடைக்கும் ஊரைப் பார்க்கணும்னு இருக்காதான்னு கேப்பா."

அது அவளுடைய குடை. அவள் சொன்ன வார்த்தை. எப்போது சொன்னாள் என்று அவளுக்கே மறந்துவிட்ட வார்த்தை.

"சட்டைக்குக் காஜா எடுக்கறவ. எடுத்து எடுத்து வலது கட்டைவிரல் கொஞ்சம் வளைஞ்சு போச்சு. யாராவது பார்த்தா அதை உள்ளங்கைக்குள்ள மடக்கி ஒளிச்சுக்குவா. பித்தானை ஓட்டைக்குள்ள போடறாப்ல. அது அவ்வளவு அழகா இருக்கும். நான் சொன்னதில்லை அவகிட்ட."

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் வலது கை இருந்தது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

"அடப்பாவி!" நாத்தனார் எழுந்தேவிட்டாள். "குத்துக்கல்லாட்டம் உயிரோட உட்கார்ந்திருக்கா, இவன் என்னடா—"

அவள் நாத்தனாரின் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவ்வளவு பலம் தன் கையில் இருப்பது அவளுக்கே தெரியாது.

"சும்மா இருங்க அண்ணி."

"எப்படிடீ சும்மா இருக்கறது? உன்னைக் கொன்னுட்டான்டி!"

"கேப்போம்," என்றாள் அவள். உதடு வெளுத்திருந்தது. "இன்னும் என்ன சொல்றார்னு கேப்போம்."

செத்துப்போனவளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் பதினாலு வருஷத்தில் அவளைப் பற்றி அவன் சொல்லி அவள் கேட்டது இதுதான். பசித்தவளுக்குத் திருட்டுச் சோறு என்று தெரிந்தாலும் கை பின்வாங்குமா?

"இந்த ஆத்தங்கரைப் பெஞ்சுல உட்கார்ந்துதான், என்னைக் கட்டிக்கறியான்னு அவகிட்ட கேட்டேன்," என்றது ஒலிபெருக்கி.

"கேட்டது நான்டா!" என்று நாத்தனார் பல்லைக் கடித்தாள். "பொண்ணு பார்த்ததும் நான், சம்மதம் கேட்டதும் நான். அன்னிக்கு இவன் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தான்!"

பஸ் பாலத்தைத் தாண்டி நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள். அவளும் இறங்கினாள். முழங்கால் பிடித்துக்கொண்டதில் நாத்தனார் படியில் மாட்டிக்கொண்டாள். "இரு, நானும் வர்றேன், நானில்லாம ஒன்னும் பேசிடாதே," என்று மேலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது.

கரையில் ஒரு மரப் பெஞ்சு. நல்ல பச்சை வண்ணம். சாய்மானத்தில் பித்தளைத் தகடு ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் அடித்திருந்தார்கள்: 'காத்திருந்தவனிடம் திரும்பி வராதவளின் நினைவாக.' எழுத்துகள் தேய்ந்திருந்தன. தொட்டுத் தொட்டுத் தேய்ந்த தேய்மானம். நம் பெயர் எழுதாத நம் கல்லறையை இப்படி ஒரு வெயில் வேளையில், நாற்பது பேரோடு, டிக்கெட் வாங்கி வந்து பார்ப்போம் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அவன் பெஞ்சின் பக்கத்தில் கைமைக்கோடு நின்றிருந்தான். கண் ஆற்றின் மேல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில சேர்த்தோம். நாப்பத்தெட்டு மணி நேரம் போகணும்னு டாக்டர் சொன்னாரு. நான் என்ன பண்ணினேன்னா..."

கண் ஆற்றிலிருந்து கூட்டத்துக்குத் திரும்பியது. ஒவ்வொரு முகமாக வந்தது. அவள் முகத்தில் வந்து நின்றது.

மைக் தானாகக் கீழே இறங்கியது. வாய் திறந்தபடியே இருந்தது. பேயைப் பார்த்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். பேயாக நின்று அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பாவம், அடைச்சுக்கிட்டுது. தண்ணி குடுங்கப்பா," என்றார் ஒருவர்.

அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

"நான்தாங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "நான்தாங்க அவர் சம்சாரம்."

கூட்டம் திரும்பியது. கைக்குட்டை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"ரெண்டாவது சம்சாரமா? என் தாயே! மொதல் தாரத்துக்காக இப்படி உருகற மனுஷனைக் கட்டிக்கிட்டு, அவர் உருகறதைக் கேக்கவும் வந்து நிக்கறியே, உனக்கு எவ்வளவு பெரிய மனசும்மா!"

அவள் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். நாற்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். இல்லை என்று ஒரு சொல். நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் சொல் வைத்திருப்பவன்.

"ஆமா," என்றான் அவன். எச்சில் விழுங்கினான். "இவங்க ரெண்டாவது."

இவங்க. முகம் தெரியாதவருக்குக் கொடுக்கும் மரியாதை.

யாரோ கை தட்டினார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் காதில் காஜா மிஷின் ஓடுவதுபோல் ஒரே இரைச்சல். ஊசி இறங்கும் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு 'ரெண்டாவது'.

நாத்தனார் படியை வென்று வந்து சேர்ந்தபோது கூட்டம் பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவன்.

"டேய்," என்றாள் நாத்தனார், "உன் கல்யாணத்தை நடத்தி வெச்சவ நான். எத்தனை நடத்தினேன்? சொல்லு. எனக்குத் தெரியாம எதுவும் நடந்துச்சா?"

"அக்கா, ஆறு நிமிஷம்தான் வண்டி நிக்கும்."

"உன் வண்டியில இடி விழ!"

அவன் பெஞ்சைப் பார்த்துப் பேசினான், அதில் இருந்தவளைப் பார்த்து இல்லை. "ஒரு நாள் இங்க வண்டி நின்னப்ப மைக்குல குரல் உடைஞ்சு போச்சு. என்னாச்சுன்னு கேட்டாங்க. நான் சொன்னதை அவங்க ஒரு மாதிரி எடுத்துக்கிட்டாங்க. மறுநாள் அதையே கேட்டு ஆளுங்க வந்தாங்க. அப்புறம் கம்பெனி எழுதி வாங்கிக்கிச்சு. வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல நீங்க என்னிக்குப் பேசியிருக்கீங்க?" என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்தான். டிரைவர் ஆரன் அடித்தார். "ரேடியோ! ஏறுப்பா, பின்வண்டி வந்துடும்!"

வேலையில் அவனுக்கு அதுதான் பெயர் போலிருக்கிறது. ரேடியோ திரும்பி நடந்தது. ஒரு தடவை நின்றது. பிறகு ஏறிவிட்டது. பஸ் நகர்ந்து வளைவில் திரும்பும்போது மேல்தளத்து ஒலிபெருக்கி கரகரத்து, "உங்க வலது கைப்பக்கம் தெரியறது பழைய தானியக் கிடங்கு," என்றது. குரலில் ஒரு கீறல்கூட இல்லை.

"வா, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போவோம்," என்றாள் நாத்தனார். அவள் அசையவில்லை. "அழுதுடுடி. அழுதா சரியாப் போயிடும்." அழுகை வரவில்லை. அடிபட்ட இடம் எது என்று தெரிந்தால்தானே வலிக்கும்.

இருபது நிமிஷத்தில் அடுத்த பஸ் வந்தது. அவன் போட்டிருந்த அதே நிறச் சட்டையில் ஒரு பெண் கைடு இறங்கினாள். இருபது இருபத்திரண்டு வயது. கையில் அட்டை. புதுசு போலிருக்கிறது, அட்டையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க சீனியர் கைடு ஒருத்தரோட உண்மைக் கதை இது." குடை வந்தது. கட்டைவிரல் வந்தது. வேறு வாயில் கேட்கும்போது தன் உடம்பை யாரோ எடுத்து ஏலம் போடுவதுபோல் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரி வந்தது. அவன் பாதியில் விட்ட இடம். அவள் தலை நிமிர்ந்தது.

"அந்த மூணு நாளும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகலை," என்று அந்தப் பெண் வாசித்தாள். "இந்தப் பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தார். போனா, அவ செத்துட்டான்னு சொல்லிடுவாங்க. போகாத வரைக்கும் யாரும் சொல்ல முடியாது. அப்படி நினைச்சார். சாப்பிடலை. தூங்கலை. மூணாவது நாள் சாயந்தரம் மணிக்கூண்டு அடிக்கறப்ப, அவ போயிட்டான்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு. ஆத்தைப் பார்த்துக் கத்தி அழுதார்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அவனுடைய வெள்ளைச் சட்டை ஒன்றைத் துவைத்தது அவளுக்கு நினைவு வந்தது. முதுகில் குறுக்காகப் பச்சைச் சாயம், பட்டை பட்டையாக. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. எங்கே சாய்ந்தீர்கள் என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இப்போது பெஞ்சின் சட்டங்கள் குறுக்காக ஓடின.

"இங்கயா இருந்தான்?" நாத்தனாரின் குரல் காற்றாகிவிட்டது. "நாலாம் நாள் விடியக்காலம் அவனே வீட்டுக்கு வந்தான். 'அவ பொழைச்சுட்டாடா'ன்னு நான்தான் சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பார்த்தா, என்னைப் பார்த்து முழிச்சான். 'யாரு?'ன்னு கேட்டான்டி. தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்."

யாரு.

அப்போதுதான் அவளுக்கு இடி முழுசாக இறங்கியது. அவன் கூட்டத்தின் முன்னால் சொன்னது பொய்யே இல்லை. கட்டினவளை இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுது கரைத்து முடித்துவிட்டான். இருந்த அழுகை, இருந்த ஆசை, இருந்த வார்த்தை எல்லாவற்றையும் அவளோடு அனுப்பிவிட்டான். நான்காம் நாள் கட்டிலில் கண் விழித்தவள் அவனுக்கு வேறு ஒருத்தி. செத்தவளின் சேலையைக் கட்டிக்கொண்டு, அவள் அடுப்பில் சமைத்துக்கொண்டு, பதினோரு வருஷமாக ஒரு இரண்டாவது சம்சாரம் அந்த வீட்டில் நடமாடுகிறாள். தினமும் இரண்டு வேளை இங்கே வந்து முதல் தாரத்தோடு வாய் ஓயாமல் பேசிவிட்டு, அவளிடம் போய் "விளக்கை அணை" என்கிறான்.

பெஞ்சின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இது கோபமா என்று பார்த்தாள். கோபம்தான், ஆனால் அவன் மேல் மட்டும் இல்லை. செத்துப்போன அந்தப் பச்சைக் குடைக்காரி மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தன் மேலேயே தனக்குப் பொறாமை! இப்படியும் ஒரு அநியாயம் உலகத்தில் உண்டா?

கதை முடிந்திருந்தது. மூக்கு உறிஞ்சும் சத்தங்கள். போன்கள் மேலே எழுந்தன. அந்தப் பெண் அட்டையை மடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து மரியாதையாகச் சொன்னாள்.

"அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? காலிப் பெஞ்சா இருந்தாத்தான் போட்டோ நல்லா இருக்கும்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா? ஆறு நிமிஷம்தான் எங்களுக்கு."

"அவ சாகலை," என்றாள் அவள்.

அந்தப் பெண் அட்டையை மறுபடி பிரித்துப் பார்த்தாள், அதில் அப்படி இருக்கிறதா என்று. பக்கத்தில் நின்றவர், "என்னவாம்?" என்று கேட்டார். "யாரோ குழப்பறாங்க, நகரச் சொல்லுங்க," என்றது இன்னொரு குரல்.

"நாலாம் நாள் அவ கண் முழிச்சா. கால்மாட்டுல புருஷன் நின்னான். அதுக்கப்புறம் நடந்தது உங்க அட்டையில கிடையாது. நான் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க."

யாரும் நகரவில்லை. தூக்கிய போன்கள் தூக்கியபடி நின்றன. அவளுக்கு அடுத்த சொல் நாக்கின் நுனியில் வந்து நின்று பயந்தது.

நாத்தனார் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டாள்.

"சத்தமாச் சொல்லுடி," என்றாள். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை."